பட்டாளத்துப் பழைய ரைஃபிளுக்குப் புதுக் குழல்: மதுரைப் பக்கத்தில் ஆள் தேடுமுன் செய்ய வேண்டியவை

சோழவந்தானில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், தாத்தா படத்துக்குக் கீழே ஒரு மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் மாட்டியிருந்தது. ஆண்டுக்கொரு முறை ஆயுத பூஜையன்று அதை இறக்குவார்கள். துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டு, மறுநாள் மீண்டும் ஆணியில் ஏற்றிவிடுவார்கள். பெரியப்பா காலமான பிறகு உரிமம் அண்ணன் பெயருக்கு வந்தது. வந்த கையோடு அவருக்கு ஓர் ஆசையும் வந்தது. குழலை மாற்றி, முழுக்கச் செப்பனிட்டு, ஒரு முறையாவது சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். நல்ல ஆளாகப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

நானும் நேராக ஆள் தேடக் கிளம்பிவிட்டேன். அதில்தான் இரண்டு ஆண்டு வீணாயிற்று. பழைய இராணுவ ரைஃபிள் விஷயத்தில் ஆள் தேடுவது ஐந்தாவது வேலை. அதற்கு முந்தைய நான்கையும் முடித்தவருக்கு ஆள் தானாகவே அகப்படுவார். சிலருக்கு ஆளே தேவைப்படாது.

1. உள்ளே மருந்து இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கி பரணில் ஐம்பது ஆண்டு கிடந்தாலும் உள்ளே மருந்தும் ஈயக்குண்டும் அப்படியே இருக்கலாம். காட்டுப் பன்றிக்காகக் கெட்டித்து, சுடாமலே மாட்டி வைத்த துப்பாக்கிகள் நம் பக்கத்தில் உண்டு. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டானாலும் பற்றும்.

சோதிப்பது எளிது. துப்பாக்கியின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோகக் கூடாது. குழலைவிட நீளமான மெல்லிய மரக்குச்சி ஒன்றை வாய்வழியாக மெதுவாக, முட்டும் வரை விடுங்கள். வாய் விளிம்பு தொடும் இடத்தில் குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோடு வாய் விளிம்புக்கு நேராக வரும்படி குழலின் வெளிப்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். குச்சியின் மறுமுனை, கேப்பு (அடித்தால் பொறி கிளப்பும் சின்ன மூடி) செருகும் முலை இருக்கும் இடம் வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரல் அகலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். அதைத் தோண்டி எடுக்க நீங்கள் முயல வேண்டாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

மார்ட்டினி போன்ற பின்வழி நிரப்பும் ரைஃபிளில் இந்தத் தொல்லை இல்லை. அடியில் உள்ள நெம்புகோலை இறக்கினால் தோட்டா உட்காரும் அறை திறந்துகொள்ளும், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

2. கையில் இருப்பது என்ன?

நம் ஊர்ப் பக்கம் எந்தப் பழைய துப்பாக்கியைக் காட்டினாலும் மருது பாண்டியர் காலத்தது என்பார்கள். சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு அந்தப் பெருமை இருக்கத்தான் செய்யும். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், தெற்குப் பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் வெளியிட்டார். துப்பாக்கியில் கேப்பு செருகும் முலை இருந்தால் அதன் பூட்டு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறி, அந்தக் காலத்தது அல்ல, கேப்பு முறையே அதற்குப் பிறகுதான் வந்தது. 1801இல் இங்கே சுட்டதெல்லாம் சக்கிமுக்கிக் கல்லும் திரியும்தான். கல் பூட்டைப் பிற்காலத்தில் கேப்புப் பூட்டாக மாற்றிய துப்பாக்கிகளும் உண்டு. அவற்றில் பூட்டுத் தகட்டில் பழைய திருகாணித் துளைகளை அடைத்த தடம் தெரியும். கிழக்கிந்தியக் கும்பினி காலத்துத் தகடுகளில் 1808க்கு முன் இதய வடிவ முத்திரையும், பின்னர் நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் இருக்கும்.

பட்டாளத்து ரைஃபிள் என்று நம்மவர்கள் காட்டுபவை பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். முதலாவது 1853 மாதிரி என்ஃபீல்டு. 39 அங்குலக் குழல், அதைக் கட்டையோடு பிடிக்கும் மூன்று இரும்புப் பட்டைகள், வாய்வழி நிரப்புவது. இரண்டாவது ஸ்னைடர். அதே என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, பக்கவாட்டில் கதவுபோல் திறக்கும் பாகம் பொருத்தி 1866 முதல் புழக்கத்துக்கு வந்தது. மூன்றாவது மார்ட்டினி-ஹென்றி, 1871இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றது. 33 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட குழல், உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் ஏழு திருகு வரிகள், 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வலப்பக்கத் தகட்டில் கிரீடம், விக்டோரியா ராணியின் எழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு ஆகியவை வரிசையாக இருக்கும். நான்காவது லீ-என்ஃபீல்டு, நம் காவலர்கள் பல காலம் தோளில் சுமந்த .303. இந்திய அரசுக்குச் சொந்தமாக இருந்த துப்பாக்கிகளில் ஓர் அம்புக்குறியும் அதன்கீழ் ஆங்கில ஐ எழுத்தும் குத்தியிருப்பார்கள்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில்தான். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, வரி எதுவும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தால், தேய்ந்துபோய்விட்டது, மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களின் கையில் நல்ல ரைஃபிள் இருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் எண்ணினான். என்ஃபீல்டைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் உள்ளே வரியே இல்லாத .656 அங்குலக் குழல் துப்பாக்கியை இந்தியப் படைகளுக்கென்று தனியாகக் கொடுத்தான். 1858 மாதிரி என்பது அதுதான். வழுவழுப்பான அந்தக் குழல் அதன் பிறவிக் குணம். நம்மை அவன் நம்பவில்லை என்பதற்கு இரும்பில் எழுதிய சாட்சி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வரிக் குழல் போடுவது செப்பனிடுவது ஆகாது.

இன்னொன்று, மார்ட்டினியாகத் தோன்றுவதெல்லாம் மார்ட்டினி-ஹென்றி அல்ல. 1890களில் பிரிட்டிஷ் இராணுவமே பழைய மார்ட்டினிகளின் குழலைக் கழற்றிவிட்டு .303 குழல் போட்டது. அவற்றுக்கு மார்ட்டினி-என்ஃபீல்டு என்று பெயர். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பிதான். வாயை அளந்தால் ஒன்று 11.4 மில்லிமீட்டர், மற்றது 7.7. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு சாதி. அது அடுத்த படியில் வரும்.

எல்லா எழுத்துகளையும் எண்களையும் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும்போது, கையில் தடவினாலும் தெரியாத எழுத்து கண்ணில் படும்.

3. காகிதம்

இந்தப் படிதான் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள், இதில் தவறினால் அபராதத்தோடு போகாது.

1959 ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி செய்யவும், விற்கவும், பழுதுபார்க்கவும், மாற்றியமைக்கவும், சோதித்துப் பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். தனியாக விற்கும் குழலும் சட்டப்படி ஆயுதம்தான், உதிரிபாகம் என்று சொல்லித் தப்ப முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றிப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. உரிமமின்றி வைத்திருப்பதற்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டு. ஆகவே, தெருக்கோடி லேத் பட்டறையில் அச்சு எடுத்துக் குழல் கடைந்து தருவதாக யாராவது சொன்னால், அவருடைய கைத்திறனைப் பாராட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உரிமம் யாரிடம் என்று கேட்டால், மாவட்டத்தில் ஆட்சியர், காவல் ஆணையர் உள்ள நகர எல்லைக்குள் ஆணையர். வீடு மதுரை மாநகரக் காவல் எல்லையில் இருக்கிறதா, ஊரகத்தில் இருக்கிறதா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஆணையர் அலுவலகத்துக்குமாக நான்கு முறை அலைந்ததற்குக் காரணம், அண்ணன் நகரத்தில் குடியிருக்க, ரைஃபிள் சோழவந்தானில் இருந்ததுதான்.

உரிமம் உள்ளவர் காலமாகிவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி வாரிசுகளுக்கானது. உரிமம் வைத்திருப்பவர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்றிவிட அது வழி தருகிறது. பெரியவர்கள் உள்ள வீடுகளில் இதைச் செய்துவிடுங்கள். பின்னால் ஐந்து அத்தைகளிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்குவது எவ்வளவு பெரிய யாத்திரை என்பது எனக்குத் தெரியும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் 2019 திருத்தம். பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும்.

.303, 7.62 மில்லிமீட்டர், .410 மஸ்கட் ஆகியவை தடைசெய்யப்பட்ட குழல் அளவுகள். இராணுவத் தோட்டா போட்டுச் சுடக்கூடிய எதுவும் அதில் அடங்கும். அதற்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம், ஆட்சியர் அல்ல. பரணில் லீ-என்ஃபீல்டு கிடைத்து, காகிதம் எதுவும் இல்லையென்றால், குழல் மாற்றுவதைப் பற்றிய யோசனையை அங்கேயே நிறுத்திவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். இரவோடு இரவாகக் கண்மாயில் போட்டுவிடலாம் என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். கண்மாய் வற்றும்போது அது மறுபடி வெளியே வரும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. பழம்பொருள்தானே, அதற்கும் உரிமமா? 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரி ஆயுதம், பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதம், பழுதான ஆயுதம் ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் அது இருக்க வேண்டும். குழல் மாற்ற ஆள் தேடுகிறவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். புதுக் குழல் போட்டால் சுடும் என்று நீங்களே நம்புகிறீர்கள். அப்படியானால் அது பழுதுபார்த்தால் பயன்படக்கூடிய துப்பாக்கி, விலக்கு உங்களுக்கு இல்லை. உங்கள் திட்டமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

2020இல் வந்த விதித் திருத்தம், அரும்பொருள் வகையில் வரும் துப்பாக்கிகளை இந்தியக் குடிமகன் உரிமமின்றி வைத்திருக்கலாம் என்றது. அதிலும் எடுத்துச் செல்லவும் சுடவும் உரிமம் கேட்கிறது, உரிமத்தில் பதிவாகாத துப்பாக்கிக்குத் தோட்டா விற்கக் கூடாது என்கிறது. வைத்திருக்க உரிமம் வேண்டாம், பழுதுபார்க்க எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள். உங்களுடையது எந்த வகை என்பதைக் கடைக்காரரோ வரலாற்று ஆர்வலரோ சொன்னால் போதாது, உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் வர வேண்டும்.

4. சுட வேண்டுமா, பார்க்க வேண்டுமா?

அண்ணனிடம் இந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். மார்ட்டினி-ஹென்றி தின்னும் தோட்டா 577/450. நம் ஊர்த் துப்பாக்கிக் கடைகளில் 12 போர் தோட்டா உண்டு, .22 உண்டு, இது கிடையாது. வெளிநாட்டு ஆர்வலர்கள் வேறு தோட்டாவின் பித்தளைக் கூட்டை உருமாற்றித் தாங்களே கைப்பட நிரப்பிக்கொள்கிறார்கள். நம் சட்டத்தில் உரிமமின்றி வீட்டில் உட்கார்ந்து அப்படிச் செய்ய இடமில்லை. தோட்டாவே கிடைக்காத ரைஃபிளுக்குப் புதுக் குழல் போடுவது, காளை இல்லாத வண்டிக்குச் சக்கரம் மாற்றுவதற்குச் சமம்.

அப்படியானால் கிடைக்கிற தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் போட்டுவிடலாமே என்பார்கள். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதை 6ஆம் பிரிவு உரிமமின்றிச் செய்ய விடுவதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கரிமருந்தின் மெதுவான அழுத்தத்துக்காக 1870களில் செய்த இரும்பு, இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்குமா? முன்னால் போக வேண்டியது பின்னால் வந்தால் அங்கே சுடுகிறவரின் கன்னம் இருக்கிறது.

வெளிநாட்டுக்கு அனுப்பிச் செப்பனிட்டு வரலாம் என்ற யோசனையும் எங்களுக்கு வந்தது. நூறு ஆண்டைத் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்தக் கதவும் சாத்தியதுதான்.

சுடத்தான் வேண்டும் என்றால், உரிமமும் தோட்டாவும் உறுதியான பிறகு மேலே போங்கள். பார்க்க மட்டும் என்றால் உங்களுக்குத் தேவை துப்பாக்கி பழுதுபார்ப்பவர் மட்டுமல்ல, பழம்பொருள் பேணத் தெரிந்தவரும்தான். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. இரும்பையும் மரத்தையும் எப்படிக் காப்பது என்று அறிந்தவர்கள் அங்கே உண்டு, எழுதிக் கேளுங்கள்.

5. இப்போது ஆள் தேடலாம்

மதுரையில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பழுதுபார்க்கும் உரிமமும் உள்ளவை இன்னும் குறைவு. கடையில் போய்ப் புதுக் குழல் போடுவீர்களா என்று கேட்காதீர்கள், இங்கே வேலை பார்க்கிறவர் யார் என்று கேளுங்கள். முன்னால் இருப்பவர் வியாபாரி, வேலைக்காரர் பின்னறையில் இருப்பார். மாவட்ட ரைஃபிள் கிளப் உறுப்பினர்கள் தங்கள் துப்பாக்கிகளை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். போட்டிக்குச் சுடுகிறவர் அரைகுறை ஆளிடம் கொடுக்க மாட்டார்.

என் அனுபவத்தில் தேட வேண்டியது ஓய்வுபெற்ற ஆர்மரர், அதாவது படையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்தவர். ஆயுதப்படைக் கிடங்கில் முப்பது ஆண்டு .303ஐக் கழற்றி மாட்டிய கை. ஆனால் அவரும் உரிமம் உள்ள கடையின் கீழ்தான் உங்கள் துப்பாக்கியைத் தொட வேண்டும், வீட்டுத் திண்ணையில் அல்ல.

உரிமத்தைப் பார்க்கக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். செய்வது வேறு, பழுதுபார்ப்பது வேறு. பழுதுபார்ப்பு மட்டும் எழுதியிருக்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு புதுக் குழல் கடைய முடியாது. பிறகு, அவர் வாயைத் திறக்க வைக்கும் ஒரு கேள்வி: இதில் நீங்கள் எதைத் தொட மாட்டீர்கள்? நல்ல வேலைக்காரர் முத்திரைகளையும் மரத்தின் நிறத்தையும் திருகாணிகளின் தலையையும் சொல்வார். எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

உசிலம்பட்டி மாமா ஒருவர் அப்படிக் கொடுத்துக் கெட்டார். 1853 மாதிரி என்ஃபீல்டு, பூட்டுத் தகட்டில் கிரீடமும் ஆண்டும் தெளிவாக இருந்தது. வாங்கியவர் பஃப் சக்கரத்தில் பிடித்துவிட்டார். திரும்பி வந்தபோது தகடு குளியலறைக் குழாய்போல மின்னியது. கிரீடத்தில் பாதியும் ஆண்டில் இரண்டு இலக்கமும் காணோம். வால்நட் கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக் கதவுக்கு அடிக்கும் வார்னிஷை அடித்திருந்தார். மாமா அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். போன எழுத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

திருகாணியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய திருகாணிகளின் பள்ளம் மெல்லியது. கடையில் வாங்கிய ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்புபோல் சரிந்திருப்பதால் அதில் நன்றாக உட்காராது, வழுக்கிப் பள்ளத்தின் ஓரத்தைக் கிழித்துவிடும். எங்களுக்கு வாய்த்த ஆர்மரர் ஒரு திருகாணியையும் உடனே தொடவில்லை. முதல் நாள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் ஒரு ஸ்க்ரூடிரைவரை அரத்தில் தேய்த்து, பள்ளத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, முனை ஆடாமல் நிற்கும் வரை கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

6. ஒப்படைக்கும்போது

வரிசை எண், முத்திரைகள், எல்லாப் பக்கங்களின் படம், செய்ய வேண்டிய வேலை, செய்யக் கூடாத வேலை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடையின் ரசீது கட்டாயம். உரிமதாரர் தானே கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால், பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர் கையில் உரிமதாரரின் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால் போதும் என்று 3ஆம் பிரிவே சொல்கிறது. அந்தக் கடிதத்தோடு உரிமத்தின் நகலும் இருக்கட்டும். வெளி மாநிலத்துக்கு என்றால் உரிமம் எந்த எல்லை வரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எங்கள் வேலை நடுவில் நின்றது அதனால்தான்.

7. குழல்

டார்ச்சைக் காட்டி, குழல் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று எங்களிடம் மூன்று பேர் சொன்னார்கள். உள்ளே பார்த்தால் கரிய பாதாளம். ஆர்மரர் ஒன்றும் சொல்லாமல் குழலுக்குள் பித்தளைத் தூரிகையை விட்டார். முதலில் உதிர்ந்தது மண். குளவிக்கூடு, உள்ளே காய்ந்த புழுக்கூட்டோடு. பிறகு தார்போல இறுகிய பழைய கிரீஸ். நாள்தோறும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தார். நான்காம் நாள் வெள்ளைக் காகிதத்தை அறைப் பக்கம் பிடித்து வாய்வழியே பார்க்கச் சொன்னார். ஏழு வரிகளும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அறையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு அம்மைத் தழும்புபோலத் துரு தின்ற குழிகள். மற்ற இடம் நன்றாக இருந்தது.

ஆகவே குழலைப் பற்றிய தீர்ப்பு சுத்தம் செய்த பிறகுதான். அப்போதும் மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, பழைய குழலை உள்ளே கடைந்து மெல்லிய புதுக் குழலைச் செருகுவது. வெளித்தோற்றமும் முத்திரைகளும் தப்பும். கடைந்த உட்புறம் போனது போனதுதான். மற்றது, முழுக் குழலையும் மாற்றுவது. இதில் பழைய குழலைப் பத்திரமாக வைத்திருந்தால் ஒருநாள் மீண்டும் பொருத்தலாம். வேலை கடினம் என்றாலும் பழம்பொருளுக்கு இதுவே மேல் என்பது என் கட்சி. ஆனால் நூறு ஆண்டு இறுகிய மரையைக் கழற்றும்போது, குழல் மாட்டியிருக்கும் அறைப்பெட்டி முறுக்கிக்கொண்டால் எல்லாம் போயிற்று. முன்பு இந்த வேலையைச் செய்திருக்கிறாரா, செய்ததைக் காட்டுவாரா என்று கேளுங்கள்.

குழல் மாறிய ரைஃபிளில் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் அறையைப் பின்னாலிருந்து மூடும் அடைப்புக்கும் இடையிலான இடைவெளி சரியாக இருக்க வேண்டும். கூடினால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து வாயு பின்னால் பீறிடும், குறைந்தால் மூடாது. அதை அளக்கத் தனி அளவிகள் உண்டு. கண்மதிப்பில் சொல்பவரை நம்பாதீர்கள். அதன் பிறகு ப்ரூஃப், அதாவது வழக்கத்தைவிட அதிக அழுத்தத் தோட்டாவைத் தூரத்திலிருந்து வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவது. இதையும் உரிமம் உள்ள இடத்தில்தான் செய்ய முடியும். ப்ரூஃப் முத்திரை இல்லாமல் புதுக் குழலோடு திரும்பி வரும் ரைஃபிளைத் தோளில் வைக்காதீர்கள். புதுக் குழலின் விவரம் உரிமத்திலும் ஏற வேண்டும்.

எங்கள் ரைஃபிளில் அந்தக் குழிகள் இருக்கும் இடம்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம். சுடக் கூடாது என்று ஆர்மரர் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

8. வீட்டில் நீங்களே செய்யக்கூடியது

சிவந்து உதிரும் துரு நோய். கறுத்து, பழுப்பேறி, விரலில் ஒட்டாமல் இருப்பது தோல். நோயை எடுங்கள், தோலை விட்டுவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினால் துரு வரும். செம்பு இரும்பைவிட மென்மையானது, கீறாது. எழுத்துகளின் இடுக்கில் வேப்பங்குச்சி. உப்புத்தாள், எலுமிச்சை, புளி, பித்தளை மினுக்கும் பசை எதுவும் பக்கத்தில் வர வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாளாக நாளாகப் பிசினாகி, தூசியைப் பிடித்து, திருகாணிகளை ஒட்டிவிடும். எங்கள் ரைஃபிளின் நெம்புகோல் இறங்காமல் கிடந்ததற்குத் தாத்தாவின் தேங்காய் எண்ணெய்ப் பக்திதான் காரணம்.

மரத்துக்கு பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையில் நாலு சொட்டு. தேய்த்துச் சூடேற்றி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். அதுவும் மதுரைச் சித்திரை வெயிலில். கொடியில் விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியை வைத்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஆவியில் மரம் உப்பி மேலே வரும். எங்கள் கட்டையில் ஒரு பள்ளத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. பெரியப்பா சிறுவனாக இருந்தபோது உரல்மேல் போட்டது என்று அத்தை சொன்னார்.

கடைசியாகச் சந்தனம். வலப்பக்கத் தகட்டில் அது ஓடுபோலக் கட்டியிருந்தது. அடுக்கடுக்காகப் பெயர்த்தபோது நடுவில் குங்குமச் சிவப்பு வரிவரியாகத் தெரிந்தது, மரத்தின் ஆண்டு வளையம்போல. அடியில் ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே ஈரம் நின்று நின்று ஒரு குழி. ராணியின் கிரீடத்துக்கு நேர் நடுவில் ஒன்று. சுற்றியிருந்த எழுத்துகள் தப்பியிருந்தன. என்ஃபீல்டு, 1886.

இப்போது ரைஃபிளின் தகட்டில் மெழுகு பூசியிருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு அத்தை வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். ரைஃபிளில் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணன் சுவரில் ரைஃபிளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டை அடித்து வைத்தார். அத்தை அதையும் ரைஃபிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தகட்டுக்கு மூன்று பொட்டு வைத்தார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் கட்டையின் அடிப்பக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறார். மரத்தில்தான். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன்.